கூட்டுக் கிணறும் ஆயில் எஞ்சினும்

சித்தூர் தாலுகா ஆபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்த ஐம்பதுகளில், ஆயில் எஞ்சின் வைத்தவரெல்லாம் முன்னேறிய விவசாயி. மேலிடத்துக்கு அப்படித்தான் எழுதுவோம். எஞ்சினின் குதிரைசக்தி கேட்போம், கிணற்றின் ஆழம் கேட்போம். ஒரு ராத்திரியில் அதில் எவ்வளவு தண்ணீர் ஊறும் என்று யாரையும் கேட்டதில்லை.

மீனாட்சிபுரத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. தாத்தா செய்துவிட்டுப் போன ஏற்பாடு. அதில் நாள்தான் கணக்கு, தண்ணீர் அல்ல. கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் இழுக்கும் மாடுகள் வெயில் ஏறினால் நின்றுவிடும். மிச்சத் தண்ணீர் தானாகவே அடுத்தவருக்குக் கிடக்கும். மாட்டின் களைப்பும் அந்த ஏற்பாட்டில் ஒரு பங்குதாரர் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா எஞ்சின் வைத்தார். அந்தத் தைரியத்தில், மானாவாரியாகக் கிடந்த மேட்டுக் காட்டிலும் கரும்பு நட்டார். பங்குனியில் அவர் முறையன்று எஞ்சின் பொழுது சாயும்வரை ஓடியது. மறுநாள் பெரியப்பா இறக்கிய சால் பாறையில் மோதி, சேற்றோடு மேலே வந்தது. அவருக்கு இருந்தது ஒரே வயல் கரும்பு. தோகை ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

"ஏன்டா, கிணத்தையே குடிச்சுப்போட்டு ஏப்பம் உடறயா?"

"என்ற முறைலதானுங்கண்ணா இறைச்சேன். உங்க முறைல கை வெச்சனா?"

"என்ற முறைல கை வெக்கறதுக்கு என்னடா மிச்சம் இருக்குது?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமே. மனு, ஸ்தல விசாரணை, இருதரப்பு வாக்குமூலம், உத்தரவு, அதன்மேல் அப்பீல் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அதெல்லாம் முடியறதுக்குள்ள?" என்றார் பெரியப்பா.

"மழை வந்துருமுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். அப்பா அங்கேதான் உலாத்திக்கொண்டிருப்பார். ஊறட்டும் என்று எஞ்சினை நிறுத்துவார். பொறுக்காமல் மறுபடியும் சுற்றிவிடுவார். அது காற்றை இழுத்து இருமும்.

ஊறிய தண்ணீர் இருவரின் பழைய வயல்களுக்குக் காணும். மேட்டுக் காட்டுக்கும் சேர்த்துக் காணாது. இது அப்பாவுக்கும் தெரிந்தது. ஒரு நாள் காலையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய், தான் நட்ட மேட்டுக் கரும்பிலேயே விட்டார். வேலியோரம் வந்து நின்ற பெரியப்பாவிடம், "உங்க மாட்டையும் உடுங்க. காஞ்சு வீணாப் போறதுக்கு அதாச்சும் திங்கட்டும்" என்றார்.

பெரியப்பாவின் வயல் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்கோ நிலைகொள்ளவில்லை. எருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே என்னிடம் வந்தார்.

"கிணத்துப் பாறைக்கு வெடி வெக்க எந்த ஆபீசுல எழுதிக் குடுக்கோணும்?"

சொன்னேன்.

"எத்தனை ஆழம் போலாம்?"

அதற்கு விதி எதுவும் இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. வேலியோரம் நின்றிருந்த பெரியப்பா, அடுத்திருந்த கீழ்த் தோட்டக்காரரின் ஆழமில்லாத கிணறு இருந்த பக்கம் பார்த்தார்.