மாறுன அளவுக்கு நன்றிப் பூசை

எனக்க மூத்த மொவ வானத்து வெளிச்சத்த அளக்குதவ. நான் பள்ளிக்கூடம் போவல்ல, இனயம் கடப்புறத்துல வள்ளத்துல மீனுக்குப் போனவன். மொவளுக்கு என்ன வேலைன்னு யாரும் கேட்டா, "தூரத்து வெளிச்சத்த அளக்கா"ன்னு சொல்லுவேன். அதுக்கு மேல வாய் வராது.

கடல் ஏறி வந்துச்சே, அதுக்கு மறுவருசம் அவ வெளிநாட்டுக்குப் போனா. நாகர்கோவில்ல போய் ரயிலு ஏத்திவிட்டேன். அவளுக்க அம்ம பெட்டிக்குள்ள சுறாக் கருவாட்ட நான் உடுத்த பழைய சாரத்துல சுத்தி வச்சிருந்தா. அங்க அவ ரூமெல்லாம் அந்த மணம் நின்னு, கூட இருந்த பெண்ணு வேற ரூமு தேடிப் போயிட்டாளாம். அது கெடக்கட்டு, நான் சொல்ல வந்தது வேற.

லீவுக்கு வந்தப்பம் ஒருநாளு சொல்லித் தந்தா. "அப்பா, குவாசார்னு ஒண்ணு உண்டு. நம்ம பூமி உண்டாவுததுக்கு முன்னயே அதுக்க வெளிச்சம் பொறப்பட்டாச்சு. வாற வழியில வாயு மேகத்துக்குள்ள நொழஞ்சு வருதுனால, அதுல கறுத்த கோடு கோடா விழும். அந்தக் கோடுகளுக்க எடைவெளியப் பாத்தா, இயற்கைக்க அடிப்படை அளவு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதானான்னு தெரியும்."

"மாறியிருந்தா?"

"படிச்சதெல்லாம் திருத்தணும்."

"மாறல்லன்னா?"

"ஒண்ணுமில்ல. வேற வேல தேடணும்." சிரிச்சா.

பொறவு ஒரு மழக்காலத்துல போன் வந்துச்சு. "அப்பா, லேசா மாறுன மாதிரி தெரியுது. யார்ட்டயும் சொல்லாதீங்க." நான் அவளுக்க அம்மைட்ட மட்டும் சொன்னேன். அவ நேரா மாதா கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் குடுத்துட்டா. ஞாயித்துக்கெழம, சாமியாருக்குப் பூசையில கூட நிக்குத உபதேசியாரு மைக்குல வாசிச்சாரு, மொவளுக்க பேரச் சொல்லி, அவ ஆராய்ச்சியில அளவு மாறுனதுக்கு நன்றியாகன்னு. வெளிய வந்தா எனக்க கூட்டுக்காரன், ஒரே வள்ளத்துல போனவன், சத்தமா கேக்கான்:

"ஏலே, அளவு மாறிச்சின்னா நன்றியா? மீன் தராசுல மாறுனா அடிதாம்லே விழும்!"

எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். சந்தோசந்தான்.

கொஞ்ச மாசம் கழிஞ்சு அவ போன்ல அழுதா. கோடுகள ஒப்பிட்டுப் பாக்க வெளிச்சத்த அளக்குத மிசின்ல ஒரு வெளக்கு உண்டாம். அந்த வெளக்க வச்சுப் போட்ட அளவு ஒரு பக்கமா இழுத்துட்டுதாம். வெளிச்சம் மாறல்ல, மிசினுதான் பெசகு. இத்தன வருசத்து வேலயும் தப்புன்னு இப்பம் அவளே எழுதிக் குடுக்கணும். குடுத்தா வேல நீளுமான்னு தெரியாது.

வீட்டுல பிள்ளைக்குப் பனி வந்து மேலு சுட்டா நெத்தியத் தொட்டுப் பாக்கலாம். இதுக்கு நான் எதத் தொட? "சோறு தின்னியா மக்ளே?"ன்னு கேட்டேன்.

பூசைக்குக் குடுக்கலாம்னு நானே கோயிலுக்குப் போனேன். உபதேசியாரு பேர எழுதிட்டு, "என்ன கருத்து, எதுக்குப் பூசை?"ன்னாரு. அளவு மாறணும்னா? மாறக்கூடாதுன்னா? எது அவளுக்கு நல்லதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்! எதுக்கு வேண்டணும்னு போன்ல கேட்டப்பம் அவளே சொல்லியிருந்தா, "நீங்க ஒண்ணும் வேண்டாதீங்கப்பா, உள்ளது தெரிஞ்சா போதும்"ன்னு. நான் "பேர மட்டும் வாசியும்"னேன்.

எங்க கோயில்ல உயிரோட உள்ளவங்களுக்குக் காரணம் சொல்லித்தான் வாசிப்பாவ, விசாவுக்கு, பரீச்சைக்கு, புது வள்ளத்துக்குன்னு. பேரு மட்டும் வாசிச்சா அது செத்தவங்களுக்கு. எனக்கு அது ஓர்மையே வரல்ல. எழுதுன உபதேசியாரும் புதுசு, சின்னப்பையன், வழக்கம் தெரியாம அப்பிடியே வாசிச்சுட்டான். பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா முற்றம் நெறைய பெண்ணுங்க. கூட்டுக்காரன் எனக்க கையப் புடிச்சிட்டு ஏங்கி ஏங்கி அழுவுதான்.

"எப்பமுலே? எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

"ஏலே, அவ சாவல்லலே! அவளுக்க கணக்குதான்..."

"கணக்குக்கென்ன?"

அவன் கண்ணத் தொடைக்காம என்னையே பாத்துட்டு நிக்கான். முற்றத்துல எல்லாரும் பாக்காவ. உள்ள அவளுக்க அம்ம போனப் போட்டு, "மக்ளே, நீ இருக்கியா, இருக்கியா"ன்னு கேட்டுட்டு இருக்கா. வெளக்கு, கோடு, மேகம், எல்லாம் எனக்க வாய் வரைக்கும் வந்துச்சு. ஒண்ணையும் எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியல்ல. அவன் கையப் புடிச்சிட்டு நானும் அழுதேன்.