தீக்குள் திரும்பிப் போனவர்

கடத்தூர் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குத் தீ விபத்துப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். விஆர் கண்ணாடியை மாட்டினால் கண்முன்னே தையல் கூடம் பற்றி எரிவதுபோல் தெரியும். கையிலுள்ள ரிமோட்டை அழுத்தியபடி வாசலுக்கு வந்துவிட வேண்டும். உள்ளே திரும்பிப் போகக் கூடாது. இதில் தேறினால்தான் சூப்பர்வைசர் வேலை.

அங்கே பயிற்சிக்கு வந்த ஒரு தையல்கார அம்மா குள்ளமாக, சிரித்த முகமாக இருப்பார். கண்ணாடியின் பட்டை நசுக்கிவிடும் என்று, தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் வாசல் வரை வந்து, மறுபடி நெருப்புக்குள்ளேயே போய்த் தோற்றார்.

“ஏங்க திரும்பிப் போறீங்க?”

“மெஷின்ல ஒரு புள்ள உக்காந்திருக்குதுங்களே!”

“அது சும்மா பொம்மைங்க.”

“பொம்மைன்னு தெரியுதுங்க சார். அதுக்குன்னு உட்டுட்டு வர முடியுதுங்களா?”

சாஃப்ட்வேர் ஆட்களிடம் கெஞ்சி அந்தப் பொம்மையை எடுக்க வைத்தேன். மறுவாரம் அவர் நெருப்பின் நடுவே நின்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

“அந்தப் புள்ள எங்கீங்க?”

“இன்னிக்கு லீவுங்க.”

“அப்பச் சரி!” என்று ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்து தேறிவிட்டார்.

பூவை வாங்கித் தலையில் செருகிக்கொண்டே, “நாளைக்கு அந்தப் புள்ள வந்துச்சுன்னா, நான் பாஸாயிட்டேன்னு சொல்லிடுங்க” என்றார். கேலியா, நிஜமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது எந்த ஊரில் அந்தக் கண்ணாடியை மாட்டினாலும், என் கண் முதலில் அந்தப் புள்ள உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைத்தான் பார்க்கிறது.