மாதவியின் டூரில் ஒரு கோர்ட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதவியைத் தெரியாதவர்கள் அவரை டூர் ஏஜெண்ட் என்பார்கள். தெரிந்தவர்கள் பிடிவாதக்காரி என்பார்கள். இரண்டும் சரிதான். கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாதி ஆயுளைத் தட்டச்சிலேயே கழித்தவர். கணவர் இறந்த பிறகு மூலையில் முடங்காமல் சொந்தமாக டூர் நடத்தக் கிளம்பினார். தமிழ்நாட்டுக் கோயில்கள், கடைசி நாள் தி. நகரில் சேலை. எல்லா ஏஜெண்டும் விற்பது இதைத்தான். மாதவியின் டூரில் மட்டும் ஒன்று கூடுதலாக இருக்கும்: சென்னை உயர் நீதிமன்றம்.

தட்டச்சு செய்த வழக்குகளில் ‘மெட்ராஸ் ஹைகோர்ட்’ அடிக்கடி தலைகாட்டும். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்து விரித்தான் என்று தெரிந்த நாளில், அந்தக் கட்டடத்தைப் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டினார். செக்கச்செவேலென்று குவிமாடங்களோடு அது நின்ற நிற்பைக் கண்டு சுற்றிச் சுற்றி வந்தார். அன்றிலிருந்து எந்தப் பயணியையும் அவர் தப்பவிட்டதில்லை.

இந்த முறைதான் வினை வந்தது. கிள்ளான் பக்கம் மேருவில் ஓர் அம்மன் கோயில் மாதர் குழு, பஸ் நிறையும் கூட்டம். தலைவி தனலெட்சுமி நேராக ஆபீஸுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

“சாமி கும்பிடப் போற எடத்துல கோர்ட்டுப் படி ஏறச் சொல்றியே மாதவி, அபசகுனம் லா. அத எடுத்துடு. இல்லேன்னா நாங்க வேற ஏஜெண்ட் பாத்துக்கறோம்.”

இந்தக் கூட்டம் கைநழுவினால் இந்த வருஷம் டூரே கிடையாது. அந்தப் பயத்தை முகத்தில் காட்டினால் அவர் மாதவி இல்லை.

“தேத்தண்ணி குடிங்க அக்கா. கோர்ட்ட எடுக்க மாட்டேன். வேற எந்தக் கோயில் வேணும்னாலும் கேளுங்க, சேக்கறேன்.”

“கேட்டா நீ கண்டுபிடிச்சுடுவியா?” தனலெட்சுமியின் குரல் சற்று இறங்கியது. “எங்கப்பா மெட்ராஸ்ல கப்பல் ஏறின ராத்திரி, கரையெல்லாம் மறஞ்ச பொறவும் ஒரு கோபுரத்து உச்சியில மட்டும் வெளக்கு எரிஞ்சிச்சாம். அதக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு. போறப்பெல்லாம் தேடறேன். மயிலாப்பூர்ல கேட்டேன், திருவல்லிக்கேணில கேட்டேன். அப்படி ஒரு கோயிலே இல்லங்கறாங்க.”

மாதவி கோப்பையைக் கீழே வைத்தார். பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

“அந்த உச்சியப் பாருங்க அக்கா. அப்போ மெட்ராஸுக்கே கலங்கரை விளக்கம் இதுமேலதான் இருந்துச்சு. எழுபதுகள் வரைக்கும் கப்பலுக்கெல்லாம் இதுதான் வெளிச்சம். உங்கப்பா கும்பிட்டது இந்த ஹைகோர்ட்டத்தான்.”

தனலெட்சுமி படத்தைப் பெரிதாக்கினார். மறுபடியும் பெரிதாக்கினார். கண் கலங்கிவிட்டது.

“கோர்ட்டையா கும்பிட்டாரு?”

“ஊரு விட்டுப் போற மனுஷன். இருட்டுல அவருக்கு அது கோயில்தானே அக்கா.”

தனலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “அங்க சூடம் ஏத்த விடுவாங்களா?”

“சூடம் ஏத்த முடியாது. கும்பிட்டுக்கலாம். அதுக்கு எவனும் கேஸ் போட மாட்டான்.”

“அப்போ மொத நாளே அங்க விடு. மத்த கோயிலெல்லாம் அப்பறம்.”