கண் வைக்காத பொம்மைகள் மறித்த சாலை

கார்த்திகைக்கு எங்கள் குடியிருப்புக்கு மொத்தமாக அகல் விளக்கு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, "விருத்தாசலத்துக்கு நேரே போனால் மலிவாகக் கிடைக்கும்" என்று வாயை விட்டது நான்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. யாரும் கூட வரவில்லை. ஐப்பசி கடைசியில் ஒரு நாள், இரண்டு பெரிய பைகளோடு கடலூரில் பஸ் ஏறினேன்.

கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம். வடலூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. சென்னை, திருச்சி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் சௌகரியம். பஸ் ஸ்டாண்டிலிருந்து செராமிக் பட்டறைகள் இருக்கும் பகுதிக்கு ஆட்டோவில் நூறு கேட்டார்கள், எண்பதுக்குப் படிந்தது.

"சூளையே எரியலியே சார், என்னா வாங்கப் போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். நான் விளக்கு என்றேன். ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல போவாது. ரோட்டுல உக்காந்திருக்காங்க" என்றார். யார் என்று கேட்டேன். "நீங்களே போயிப் பாருங்க" என்று வண்டியைத் திருப்பினார். திருப்பும்போது அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

நடந்தேன். ஒரு அரசு அலுவலகத்தின் கேட்டுக்கு முன்னால் சாலை முழுக்க வரிசை வரிசையாக ஆட்கள். போராட்டம் என்று புரிந்தது. ஆனால் கோஷம் இல்லை, மைக் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. மேகம் கவிந்த மத்தியான வெளிச்சத்தில் சட்டைகளும் துண்டுகளும் மட்டும் காற்றில் அசைந்தன. ஆட்கள் அசையவில்லை. இவ்வளவு சின்னதாக ஏன் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எல்லாம் மண் பொம்மைகள். முட்டி உயரம். ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பெரிய ஆட்களின் சட்டையும் புடவையும் சுற்றி உட்கார வைத்திருந்தார்கள். எதற்கும் கண் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று சாம்பல் நிற மண்.

கேட் ஓரம் பெரிய குடையின் கீழ் ஒரு போலீஸ்காரர் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க தள்ளிப் போட்டாலும் நம்மளயே பாக்கற மாதிரி இருக்குதுங்க. கண்ணே இல்ல, எப்படிப் பாக்கும்?" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எதிர்த் தெருவின் நிழலிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் கஸ்தூரி, பட்டறையில் அச்சில் பொம்மை வார்க்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். விளக்கு வாங்க வந்தேன் என்றதும் ஒரு பலகை நிறைய அகல்களைக் காட்டினார். ஒன்றை எடுத்தேன். விரல் பட்ட இடம் பொடிந்தது. சுடாத பச்சை மண்.

"சின்னப் பட்டறைக்காரங்க எல்லாரும் பொதுச் சூளையிலதான் சார் சுடுவோம். இந்த ஆபீசுக்காரங்கதான் அதப் பழுதுன்னு மூடுனாங்க. ஆயுத பூசைக்குத் தொறக்கும்னாங்க, தொறக்கல. அரிசி விக்கிற வெலையில எத்தினி நாளு சும்மா உக்கார முடியும்? பாதித் தெரு திருப்பூரு போயிடுச்சு. போராடலாம்னா உக்காரக்கூட ஆளு இல்ல. அதான் போனவங்க துணிய மாட்டி, வூட்டுக்கு ஒண்ணா வெச்சிட்டோம்."

கண் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"சுட்டப்புறம்தான் கண்ணு வெப்போம். பொம்மை மொதல்ல எதப் பாக்குதோ அது அந்தக் கண்ணுலயே தங்கிடும்னு சொல்லுவாங்க. அதனால வெளக்கையோ கொழந்தையையோ காட்டுவோம். பச்சை மண்ணுக்குக் கண்ணு வெக்கறது ஆவாது."

அவருடைய கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தினமும் போன் செய்து, "நான் வரட்டுமா, நீங்க வரீங்களா" என்று கேட்கிறார். சூளை எரிந்தால் அவர் வந்துவிடுவார். எரியாது என்றால் கஸ்தூரி வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பிளஸ் டூ படிக்கிற மகளின் படிப்பு நடுவில் நிற்கும். "எரியுமா எரியாதான்னு அதிகாரி வெளிய வந்து எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். வேற ஒண்ணும் கேக்கல. அவரு பின்கேட்டு வழியா வந்து பின்கேட்டு வழியா போறாரு."

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக ஒதுங்கினோம். தார்ப்பாய் எடுக்க யாராவது ஓடுவார்கள் என்று பார்த்தேன், யாரும் ஓடவில்லை. பொம்மைகளுக்குக் கழுத்துதான் மெல்லிய இடம். அதுதான் முதலில் ஊறியது. வரிசை வரிசையாகத் தலைகள் மெதுவாகக் கவிழ்ந்தன, யாரோ சொல்லி எல்லோரும் ஒன்றாகக் குனிந்த மாதிரி. பிறகு தோள்கள் சரிந்தன. சட்டைகள் மட்டும் சேற்றில் கிடந்தன. நான் பல ஊர் பார்த்தவன். அப்படி ஒரு பயம் எனக்குப் பட்டப்பகலில் வந்ததில்லை.

மழை விட்டதும் முன்கேட் திறந்தது. பொம்மைகள் ஒழிந்தன என்று அதிகாரி நினைத்திருப்பார் போல. வெளியே வந்தார். அதற்குள் தெருவில் மிச்சமிருந்த பத்துப் பதினைந்து பெண்களும் இரண்டு கிழவர்களும் அந்தச் சேற்றிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்குத் திரும்பிப் போக முகமில்லை.

"அடுத்த மாசம் கண்டிப்பா எரியும்மா. ஃபைல் மேல போயிருக்கு" என்றார்.

போலீஸ்காரரின் குடை மறைவில் ஒரே ஒரு பொம்மை தப்பியிருந்தது. கஸ்தூரி அதன் முன்னால் உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த தூரிகையை எடுத்தார், கறுப்பு மைச் சிமிழைத் திறந்தார். "வேணாம் கஸ்தூரி, சுடாத மண்ணு" என்று கிழவர்களில் ஒருவர் முனகினார். கஸ்தூரி வலது கண்ணை வைத்தார். அதிகாரி டெண்டர், ஒப்புதல் என்று சொல்லிக்கொண்டே போனார். இடது கண்ணையும் வைத்தார். பொம்மையை இரண்டு கையாலும் தூக்கி, அவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

அதிகாரி பாதி வார்த்தையில் நின்றார். ஈர மண்ணில் மை கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்த மாசம் இல்லம்மா" என்றார் கடைசியில்.

"பின்ன எப்ப சார்?"

"தெரியல. சூளையோட பர்னரக் கழட்டிக் கொண்டு போயிட்டாங்க. திரும்பி வரும்னு யாரும் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல."

கஸ்தூரி எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "நீங்க வராதீங்க. நாங்க வரோம்" என்றார். "பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல்ல டிசி கேக்கணும்" என்றார்.

எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற உண்மை. கசப்பானதுதான், ஆனாலும் அவர்களுக்குச் சேர வேண்டியது. அதைச் சொல்லாததால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் தொங்கிக் கிடந்திருக்கிறது. வெறும் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெரிய கடைகளில் வெளியூர்ச் சரக்கு இருக்கிறது, விருத்தாசலத்துச் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் குடை அவசியம். கோவில் பக்கம் சாப்பாடு நன்றாக இருக்கும். கிளம்பும் முன் சூளை எரிகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். யாரிடம் விசாரிப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். அதைக் கேட்கத்தான் ஒரு தெருவே மண்ணாக உட்கார்ந்திருந்தது.