மூன்றரை மணிக்கு நான்கு வரிசை

சின்னஞ்சிறுசுகளுக்கு முதலெழுத்துச் சொல்லிக் கொடுக்கும் அரிவரி ரீச்சருக்குப் பள்ளிக்கூடம் உண்மையில் தொடங்குவது காலையில் அல்ல, பின்னேரம் மூன்றரைக்கு வீட்டு மணி அடிக்கும்போதுதான். எங்கள் பகுதியில் கிணறில்லாத தோட்டமில்லை. அந்த நாளில் சுற்றுக்கட்டு உள்ள தோட்டக் கிணறு அநேகமாக ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரை அந்தக் கிணறுகளுக்கு நடுவே அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்க முயன்றவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் என்ன பாடுபட்டேன் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒழுங்கை வரிசை

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் கிழமை மணி அடித்ததும் பிள்ளைகள் நாலு பக்கமும் சிதறி ஓடின. எந்தப் பிள்ளை எங்கே போனது என்று தெரியாமல் இரவெல்லாம் புரண்டு படுத்தேன். அடுத்த கிழமை ஊருக்குள் போகும் நான்கு ஒழுங்கைகளுக்கு, அந்தச் சின்னத் தெருக்களுக்கு, நான்கு வரிசை என்று பிரித்தேன். ஒவ்வொரு வரிசையையும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கூட்டிப்போய், ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அயல் வீட்டுக்குப் போய்வர ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, இருக்கிறதை மட்டும் நான் யோசிக்கவில்லை. பெருமையோடு தலைமை வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லது பிள்ளை. ஆனா அதுகள் படலையாலை போற ஆக்களில்லை, பொட்டாலை போற ஆக்கள்."

வேலி வழக்கு

என் வகுப்புப் பாக்கியத்தின் தகப்பன் கந்தையர், புகையிலைத் தோட்டக்காரர். பக்கத்து வீட்டு வேலுப்பிள்ளையர் எல்லை வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார் என்று வழக்குப் போட்டிருந்தார். வேலுப்பிள்ளையரின் மகன் ராசனும் என் வகுப்புத்தான். பாக்கியமும் அவனும் ஒரே வரிசையில், கை கோத்துக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் கந்தையர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "கோட்டிலை எதிரும் புதிருமா நிக்கிற மனிசர் நாங்கள். என்ரை பிள்ளை அவையின்ரை பொடியனோடை ஒண்டா வரப்படாது, ரீச்சர்." அவர் பள்ளிக்கூட முகாமையாளருக்கு வேண்டியவர், நானோ வேலைக்குப் புதியவள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பாக்கியத்தை மேற்கு வரிசைக்கு மாற்றினேன். அது தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, கிணறுகளைத் தாண்டி அவள் வீட்டுப் பின்பக்கம் போய்ச் சேரும். அன்று பாக்கியம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ரீச்சர், உந்த வரிசை பிழை. ராசன் இதிலை இல்லை."

கார்த்திகை வெள்ளம்

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. தோட்டமெல்லாம் வெள்ளம், எது தரை, எது கிணற்று வாய் என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. வானம் இன்னும் கறுத்துவருகிறதே என்று பயந்து, கொஞ்சம் வெளித்த நேரம் பார்த்துப் பிள்ளைகளை அனுப்பினேன். பயப்பட்டிருக்க வேண்டியது வானத்துக்கல்ல, கிணற்றுக்கு. அரை மணித்தியாலத்தில் மேற்கு வரிசையைக் கூட்டிப்போன சின்னமணி நனைந்தபடி திரும்பி ஓடி வந்தாள். "ரீச்சர், ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனனான். பாக்கியத்தைக் காணேல்லை."

கிணற்றடி

செருப்பையும் குடையையும் போட்டது போட்டபடி ஓடினேன். கந்தையரின் தோட்டக் கிணற்றடியில் பாக்கியத்தின் தாய் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தா. கந்தையருக்கு நீந்தத் தெரியாது. தண்ணி இறைக்கும் துலாக்கொடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பேரைக் கூவினார். தன் தோட்டத்தில் நின்ற வேலுப்பிள்ளையர் சத்தம் கேட்டு ஓடி வந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, குதித்தார். மூன்று தரம் மூழ்கி எழும்பினார். ஒவ்வொரு தரமும் இல்லை என்று என்னைப் பார்த்தே தலையாட்டினார், கந்தையரைப் பார்க்கவில்லை. அடுத்த கிணறு. அதிலும் இல்லை. பிள்ளையை நான்தான் கொன்றுவிட்டேன் என்று அந்த நேரம் நம்பினேன்.

மூன்றாவது கிணற்றுக்கு நடக்கும்போது வேலுப்பிள்ளையரின் மனைவி வேலிக்கு அங்காலிருந்து எட்டிப் பார்த்தா. இடுப்பில் நித்திரைக் கண்ணோடு பாக்கியம். முதல் வளைவிலேயே வரிசையை விட்டுக் கழன்று, ராசனைத் தேடிப் பிடித்து, அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து பொட்டால் நுழைந்தால் அவள் வீடு. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவ தடுமாறிப்போய்ச் சொன்னா: "பிள்ளை நனைஞ்சு வந்தது, தலை துடைச்சுச் சோறு குடுத்துப் படுக்க வைச்சனான், மழை விட அனுப்புவமெண்டு. கூப்பிட்டுச் சொல்ல எங்களுக்கும் அவைக்கும் கதை பேச்சு இல்லையே, ரீச்சர்."

அடுத்த நாள்

காலையில் கந்தையரே பாக்கியத்தைக் கூட்டி வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்து எழுந்து நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளையைப் பழைய வரிசையிலையே விடுங்கோ, ரீச்சர். வழக்கு கோட்டிலை நடக்கட்டும். பொட்டை நான் அடைக்கேல்லை."

எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்காகத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். தலை நரைத்தது என்னவோ பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவைத்ததால்தான்.