கணக்குப்பிள்ளை நீட்டிய துண்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். பஸ் ஓடவில்லை. ஏற்கெனவே பார்த்த படத்துக்கு, கணக்குப்பிள்ளையாக வரும் நடிகருக்காகவே நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு சைக்கிள் மிதித்தேன். படத்தில் முதலாளி அறைவார், இவர் அழமாட்டார். முதலாளியின் தோளிலிருந்து நழுவிய துண்டை எடுத்து உதறி, அவரிடமே நீட்டுவார்.

அன்று அறை விழுந்ததும் நேராகக் கதாநாயகனின் பாட்டு வந்தது. கூட்டம் விசிலடித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆபரேட்டரிடம் ஓடினேன்.

"இன்னாங்க, துண்டு குடுக்குற சீனைக் காணோம்?"

"போராட்டம் நடக்குதுன்னு போலீஸ்ல இருட்றதுக்குள்ள படத்த முடிக்கச் சொல்லிட்டாங்க. அதான் வெட்டிட்டேன். பாட்ட வெட்டுனா ஸ்கிரீனைக் கிழிச்சிடுவாங்க."

"அவரு எப்பேர்ப்பட்ட நடிகரு தெரியுமா?"

"அப்படியா? பேரு இன்னாங்க?"

வாயைத் திறந்தேன். தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் திரையில் பெயர்கள் ஓடும்போது நான் வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. ஆனால் அது ஆபரேட்டர் மேல் இல்லை.