மார்ல்ஃபெறிக்குப் போன கோச்

ஈஸ்ட் ஹாமில் ரூர் யாக்கோப்பு என்றால் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. பேசாலைக் கடற்கரையில் பிறந்த மனுசன். லண்டன் வந்து பெற்றோல் ஷெட்டில் நின்று, பிறகு சிவப்பு பஸ் ஓட்டி, முழங்கால் பழுதானதும் வேலையை விட்டவர். வேலை, கோவில், வீடு என்று காலத்தை ஓட்டிவிட்டு இந்த நாட்டில் ஒரு மண்ணையும் பாராத வயசாளிகளை ஒரு கோச் பஸ்ஸில் ரூர் ஏற்றிக்கொண்டுபோய் ஊர் காட்டுகிறதுதான் அதற்குப் பிறகு அவர் சீவியம். கூலி கிடையாது. "தம்பி, நீர் இல்லாட்டி நாங்கள் இதுகளைக் கண்டிருப்பமோ" என்று நாலு பேர் சொல்லவேணும். அது கிடைத்தால் ஆளுக்குச் சாப்பாடும் வேண்டாம்.

மார்ல்ஃபெறி என்ற ஆற்றங்கரைப் பட்டணம் அவருக்குப் பிடித்த இடம். லண்டனுக்குத் தெற்கே, இரண்டு மணித்தியால ஓட்டம். அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற பழைய படகு, தண்ணீரில் சில்லு சுற்றி மா அரைக்கிற மாவாலை, ஆற்றோடு போன மாலுமிகளின் பேர் வெட்டின சின்னக் கோவில். படகுக்காரனோடு இஞ்சின் கதை கதைக்க யாக்கோப்புக்கு இங்கிலிசும் தேவைப்படவில்லை, கையே போதும். பிறகு அங்கே இருந்த கடதாசிப் பக்டரியை மூடினார்கள். ஊர் செத்துப்போனது. செத்த ஊரை ஒரு கம்பனி வாங்கிச் சூதாடுகிற கசினோ கட்டியது. படகைச் சங்கிலியில் தூக்கி மண்டபத்து முகட்டில் தொங்கவிட்டார்கள். மாவாலைச் சில்லு சாப்பாட்டுக் கடைக்குள்ளே கரண்டில் சுற்றுகிறது. கோவிலுக்குள் ரிக்கற் விற்கிறார்கள். பார்க்கிறதுக்கென்று இருந்ததெல்லாம் கசினோவுக்குள்ளே போய்விட்டது.

கோச்சும் மத்தியானச் சாப்பாடும் இலவசம், பின்னேரம் வரைக்கும் எல்லாரும் உள்ளே நிற்கவேணும் என்று கம்பனி சொன்னபோது யாக்கோப்பு அதை மாதாவே தந்தது போலத்தான் எடுத்துக்கொண்டார். போகும்போது செபமாலை, வரும்போது பைலாப் பாட்டு என்று இருந்த கோச், கொஞ்சக் காலத்தில் வரும்போது வாய் திறக்காமல் வரத் தொடங்கியது. களைப்பு என்று அவர் நினைத்தார். நினைக்க விரும்பினார் என்றும் சொல்லலாம்.

அவருடைய மனுசி மேரிறோஸுக்கு ஆசுப்பத்திரிக் குசினியில் வேலை. ரூர் என்றாலே வராத ஆள். "இவ்வளவு சனம் வருது, நீ மட்டும் வராட்டி எனக்கென்ன மரியாதை" என்று சண்டை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் இவர்தான். வாசலில் சும்மா கொடுத்த விளையாட்டுக் கார்ட்டைப் போட்டுக் காசு மெசினைத் தட்டினா. அவ்வளவுதான். பிறகு ஷிப்ட் முடிய வீட்டுக்கு வராமல் தனிய ரெயின் எடுத்துப் போகத் தொடங்கினா. கழுத்துத் தாலிக்கொடி ஈஸ்ட் ஹாம் நகைக்கடை ஒன்றுக்குள் போய்த் திரும்பி வரவில்லை. கேட்டால் லொக்கரில் கிடக்குது என்றா. கோவிலில் சொல்லவும் வெட்கம், பிள்ளைகளுக்குச் சொல்லவும் பயம். யாக்கோப்பு உள்ளுக்குள்ளே அரிபட்டுக்கொண்டு திரிந்தார்.

போன ஆவணியில் கோச் போய் நின்றதும், பக்கத்துச் சீற்றில் வந்த மேரிறோஸ் முதல் ஆளாய் உள்ளே போக, அவர் நேரே கசினோக் கவுண்டருக்குப் போய், என் மனுசியை இனி உள்ளே விடாதேங்கோ என்று கெஞ்சினார். அங்கே நின்ற பெட்டை மரியாதையாகத்தான் விளங்கப்படுத்தினாள். புருசன் கேட்டு ஏலாது. அவவே வந்து போட்டோ எடுத்துக் கையெழுத்து வைத்தால், இந்த வாசல் மட்டுமில்லை, நாட்டில் ஒரு கசினோ வாசலும் அவவுக்குத் திறவாது.

நொண்டி நொண்டி மேரிறோஸின் மெசினடிக்குப் போனார்.

"ஒரு போட்டோதான் பிள்ளை. எடுத்துப்போட்டு வா, வீட்டை போவம்."

சண்டை வருமென்று நினைத்தார். மேரிறோஸ் மெசினில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்தா. அன்றைக்கு முதல்தரம் அவர் முகத்தைப் பார்த்தா.

"எடுக்கிறன். நீங்களும் இனி ஒருத்தரையும் இஞ்ச ஏத்திக்கொண்டு வரப்படாது. அங்க லூர்தம்மாக்காவைப் பாருங்கோ."

பார்த்தார். அவர் கோச்சில் ஏற்றிவந்த, இருதயத்துக்கு மருந்து எடுக்கிற விதவை மனுசி, கொண்டுவந்த இடியப்பப் பார்சல் மடியில் அவிழ்க்காமல் கிடக்க, மெசினைத் தட்டிக்கொண்டிருந்தா.

"அதுகள் பொழுதுபோக்குக்கு வருதுகள்."

"நான் என்னத்துக்கு வந்தனான்?"

யாக்கோப்பு சொல்லவேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. ஓம், இனி ஏத்தமாட்டன் என்று ஒரு சொல்லுத்தான். அதைச் சொன்னால் நாளைக்குக் கோவில் வாசலில் அவர் ஆர்? முழங்கால் போன ஒரு பஸ் ட்ரைவர்.

"ஒக்ரோபர் கோச்சுக்குச் சனம் பேர் குடுத்திட்டுது. அது ஒண்டு முடியட்டும். பிறகு விடுறன்."

மேரிறோஸ் சிரித்தா. கோபச் சிரிப்பில்லை, கூட்டாளியைக் கண்டதுபோல ஒரு சிரிப்பு.

"நானும் இப்பிடித்தான் சொல்லுறனான். இது ஒண்டு முடியட்டும் எண்டு."

கை திரும்ப மெசினுக்குப் போனது. பிறகு அவர் சொன்ன ஒன்றுக்கும் அவ காது கொடுக்கவில்லை.

பின்னேரம் கோச் வெளிக்கிட்டபோது அவ வரவில்லை, ரெயினில் வாறன் என்று லூர்தம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தா. ட்ரைவர் வெள்ளைக்காரன், நேரம் போகுது என்று முணுமுணுத்தான். யாக்கோப்பு ஏறி முன்சீற்றில் இருந்தார்.

ஆற்றுப் பாலம் தாண்டமுதல் பின்னால் ஒரு கிழவர் எழும்பி, ஒக்ரோபர் ரூருக்குத் தன்ர மச்சானுக்கும் இடம் கிடைக்குமோ என்று கேட்டார்.

யாக்கோப்பு வெறுமையாய்க் கிடந்த பக்கத்துச் சீற்றைப் பார்த்தார்.

"ஒரு இடம் இருக்கு அண்ணை," என்றார். "வரச் சொல்லுங்கோ."